கண் அழுத்தமும் விழிவெண்படலமும்

போர்ட் கிள்ளான் துறைமுகச் சாலையில், விடிவதற்கு முன்பே கொள்கலன் லோரிகள் வரிசைபிடித்து நிற்கும். வண்டியை எடுக்குமுன் அனுபவமுள்ள ஓட்டுநர் கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவார். கம்பி துள்ளித் திரும்பினால் காற்று போதும். ‘தொப்’பென்று அமுங்கினால் காற்று குறைவு. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது.

ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிய டயரின் ரப்பர் தடிப்பானது; ஓடித் தேய்ந்த டயரின் ரப்பர் மெலிந்தது. இரண்டிலும் ஒரே அளவு காற்று இருந்தாலும் கம்பிக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதில்லை. கைக்குத் தெரிவது காற்றின் அழுத்தம் மட்டுமன்று. ரப்பரின் விறைப்பும் அதனோடு கலந்தே வருகிறது. ஐயம் ஏற்பட்டால் ஓட்டுநர் வால்வில் அளவியைப் பொருத்துவார். உள்ளே இருக்கும் காற்றை அளவி நேரடியாகக் காட்டிவிடும்.

மனிதக் கண்ணுக்கு வால்வு இல்லை. கண்ணின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அறிய விரும்பும் மருத்துவர், அந்த ஓட்டுநரைப் போலவே வெளியிலிருந்து அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குள் அழுத்தம் எப்படி உண்டாகிறது? கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது அழும்போது வழியும் கண்ணீர் அன்று. கண்ணுக்கு உள்ளேயே ஊறி, உள்ளேயே வடியும் நீர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மைக்ரோலிட்டர் அளவே ஊறும். ஒரு சொட்டுக் கண்மருந்தின் அளவு சேர ஏறக்குறைய 20 நிமிடமாகும். ஊறும் நீர், கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை கண் உருண்டை தன் வடிவம் குலையாமல் இருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். பெரும்பாலானோருக்கு இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கிறது.

அழுத்தம் கூடினால் பாதிக்கப்படுவது கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் சேர்ந்த கற்றை அது. அந்த இழைகள் மெல்ல மெல்ல மடிவதே கிளௌக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். பெரும்பாலும் இதில் வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வையின் நடுப்பகுதி நெடுநாள் தெளிவாகவே இருக்கும். ஓரங்கள்தாம் முதலில் மங்கும். நேரே உள்ள அறிவிப்புப் பலகையைத் தடையின்றிப் படிக்கும் ஒருவர், பக்கவாட்டில் வரும் மோட்டார் சைக்கிளைக் காணாமல் போகலாம். கொள்கலன் முனையத்தில் பின்னோக்கி வண்டி செலுத்துபவருக்கு இது என்ன விளைவைத் தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மடிந்த நரம்பிழை மீண்டும் தளிர்ப்பதில்லை. உலகில் மீட்க முடியாத பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக இந்நோயே கருதப்படுகிறது. சொட்டு மருந்து, ஒளிக்கதிர்ச் சிகிச்சை, அறுவை சிகிச்சை என எதைச் செய்தாலும் நோக்கம் ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சியிருக்கும் இழைகளைக் காப்பது. ஆகவே, அந்த அழுத்தத்தைச் சரியாக அளப்பது ஒருவருடைய பார்வையின் எதிர்காலத்தோடு தொடர்புடைய செயலாகிறது.

பழங்காலத்து மருத்துவர்கள் நோயாளியைக் கண்மூடச் சொல்லி, இமையின்மேல் இரு விரல்களால் அழுத்திப் பார்த்தனர். கல்லைப் போல் இறுகியிருந்தால் அழுத்தம் மிகுதி என்று கொண்டனர். விரலுக்குத் தெரிவது மிகக் கடுமையான நிலை மட்டுமே. 1905இல் நார்வே நாட்டு மருத்துவர் யால்மர் சியோட்ஸ் ஒரு கருவியை உருவாக்கினார். படுத்திருக்கும் நோயாளியின் கண்மேல் அதை நிறுத்தினால், அதிலுள்ள சிறு தண்டு கண்ணை எவ்வளவு குழியச் செய்கிறது என்பதை முள் காட்டும். பல பத்தாண்டுகள் உலகெங்கும் இக்கருவியே பயன்பட்டது. எனினும், குழி விழும்போது கண்ணின் சுவர் நீள்கிறது. சிலருக்குச் சுவர் எளிதில் நீளும், சிலருக்கு நீளாது. அதனால் கணக்குத் தவறியது.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கோல்ட்மன் வேறு வழியில் சிந்தித்தார். கண்ணைக் குழியச் செய்வதற்குப் பதிலாக, அதன் முன்பரப்பில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் தட்டையாக்கினால் என்ன? ஊதிய பந்தின்மேல் ஒரு பலகையை வைத்து மெல்ல அழுத்தினால், தொடும் இடம் தட்டையாகும். அந்தத் தட்டை வட்டத்தின் பரப்பளவும், அழுத்தும் விசையும் தெரிந்தால், விசையைப் பரப்பளவால் வகுத்து உள்ளழுத்தத்தைக் கணக்கிடலாம். கோல்ட்மன் தேர்ந்தெடுத்த வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீட்டர்.

ஏன் 3.06? மூன்று என்று முழு எண்ணாக வைத்திருக்கக்கூடாதா? அறிவியல் பாடம் பயிலும் மாணவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பளவு ஏறக்குறைய 7.35 சதுர மில்லிமீட்டர்; அதாவது 0.0735 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் ஒரு கிராம் எடை அழுத்தினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 13.6 கிராம் என்றாகும். ஒரு கன சென்டிமீட்டர் பாதரசத்தின் எடையும் 13.6 கிராம்தான்! ஆக, ஒரு கிராம் விசை என்பது 10 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தின் அழுத்தத்துக்குச் சமம். கருவியின் திருகில் 1.6 என்று இருந்தால் அழுத்தம் 16. வேறு கணக்கே வேண்டியதில்லை.

இந்த அளவைத் தேர்ந்ததற்கு இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கருவி தொடும் பகுதி கார்னியா எனப்படும் விழிவெண்படலம். பெயரில் ‘வெண்’ என்று இருந்தாலும் இது வெள்ளை நிறமன்று. கண்ணாடியைப் போலத் தெளிவானது. கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடிபோலக் கருவிழிக்கு முன்னால் வளைந்து நிற்பது. அதற்கும் ஒரு விறைப்பு உண்டு. தட்டையாக்க முயலும் கருவியை அது எதிர்த்துத் தள்ளும். அதே வேளையில், கண்ணின்மேல் படர்ந்துள்ள மெல்லிய கண்ணீர்ப் படலம் தன் பரப்பு இழுவிசையால் கருவியைக் கண்ணை நோக்கி இழுக்கும். ஒன்று தள்ளுகிறது, மற்றொன்று இழுக்கிறது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கோல்ட்மன் கண்டார். மிஞ்சுவது கண்ணின் உள்ளழுத்தம் மட்டுமே.

சோதனையும் எளிது. முதலில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து. பிறகு ஆரஞ்சு நிறச் சாயம். நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து நேரே பார்ப்பார். நீல ஒளியில், ஒரு சிறு பட்டகம் கண்ணை மெல்லத் தொடும். மருத்துவருக்குப் பச்சையாய் ஒளிரும் இரண்டு அரைவட்டங்கள் தெரியும். திருகைத் திருப்பத் திருப்ப அவை நகரும். மேல் அரைவட்டத்தின் உள்விளிம்பு கீழ் அரைவட்டத்தின் உள்விளிம்பைத் தொடும் கணத்தில் திருகிலுள்ள எண்ணே கண்ணின் அழுத்தம். கோல்ட்மனும் தியோடர் ஷ்மிட்டும் 1957இல் இம்முறையை விரிவாக விளக்கினர். இன்றுவரை மற்றக் கருவிகளை ஒப்பிடுவதற்கு இதுவே உரைகல்லாக உள்ளது.

ஆனால், தள்ளுவதும் இழுப்பதும் சமமாகும் என்ற கணக்கு ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது. விழிவெண்படலத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புடையது என்பதே அந்த எடுகோள். தடிப்பு மாறினால் அளவும் மாறக்கூடும் என்பதைக் கோல்ட்மன் அறியாதவர் அல்லர்; அத்தகைய பெரிய வேறுபாடு அரிது என்று எண்ணினார். அன்று படலத்தின் தடிப்பைச் சோதனைக்கு வருவோர் அனைவருக்கும் அளந்து பார்க்க வசதியில்லை. பின்னாளில், மீயொலியைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கொண்டு தடிப்பை நொடியில் கணக்கிடும் பேனா போன்ற கருவி வந்தது. அப்போதுதான் மனிதருக்கு மனிதர் படலம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. நகல் எடுக்கும் தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 100 மைக்ரான். விழிவெண்படலம் அத்தகைய ஐந்து தாள்களை அடுக்கியது போன்றது. சிலருக்கு ஐந்துக்கும் குறைவு, சிலருக்கு ஆறு.

ஒரு தாள் தடிப்பினால் என்ன வந்துவிடப் போகிறது? டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஏலர்ஸும் அவர்தம் குழுவினரும் இதைச் சோதித்து 1975இல் வெளியிட்டனர். கண்புரை அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் கண்ணுக்குள் நுண்ணிய குழாய் செலுத்தி, உள்ளழுத்தத்தைத் தாங்களே ஓர் அளவில் நிறுத்தினர். லோரி ஓட்டுநரின் வால்வு அங்கே அறுவை அறையில் கிடைத்துவிட்டது! பிறகு கோல்ட்மன் கருவியால் வெளியிலிருந்து அளந்தனர். படலம் ஏறக்குறைய 520 மைக்ரானாக இருந்தபோது இரண்டும் பொருந்தின. அதைவிடத் தடித்திருந்தால் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டியது. மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டியது. 100 மைக்ரானுக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் பிழை என்பது அவர்கள் கண்ட அளவு. பின்வந்த ஆய்வுகள் பல, பிழை அவ்வளவு பெரிதன்று என்றன. ஆயினும், பிழையின் திசையில் கருத்து வேறுபாடு இல்லை.

இதன் விளைவைக் காண இருவரைக் கற்பனை செய்யலாம். இருவரும் போர்ட் கிள்ளானில் வாழும் ஐம்பது வயதுத் தொழிலாளர்கள். முதலாமவருக்கு அழுத்தம் 24. படலத்தின் தடிப்பு 610 மைக்ரான். இரண்டாமவருக்கு அழுத்தம் 19. தடிப்பு 470 மைக்ரான். எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவர் நோயாளி, இரண்டாமவர் நலமானவர். முதலாமவர் வாழ்நாள் முழுவதும் மருந்து ஊற்றிக்கொள்ளத் தொடங்குவார். ஒவ்வொரு மாதமும் அதற்குப் பணம் செலவாகும். ஒருவேளை அந்த மருந்தே அவருக்குத் தேவையில்லாதிருக்கலாம். இரண்டாமவர் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்ற சொல்லோடு வீடு திரும்புவார். உண்மையில் உடனே கவனிக்கப்பட வேண்டியவர் அவராக இருக்கலாம். இரண்டு தவறுகளுள் இரண்டாவதே கொடியது. வீணாகப் போன பணத்தை மீண்டும் ஈட்டலாம். போன பார்வையை ஈட்ட முடியாது.

தமிழர்களிடையே நடந்த ஆய்வொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. சென்னையிலுள்ள சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், நகரத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் 40 வயதும் அதற்கு மேலும் ஆன ஆயிரக்கணக்கானோரைச் சோதித்தனர். சென்னை கிளௌக்கோமா ஆய்வு என்று அது அறியப்படுகிறது. அங்கே விழிவெண்படலத்தின் சராசரித் தடிப்பு ஏறக்குறைய 511 மைக்ரான். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பொதுவாகக் காணப்படும் 540, 550 மைக்ரானோடு ஒப்பிட்டால் இது மெலிவானதே. நோய் கண்டறியப்பட்டவர்களுள் பெரும்பாலோருக்கு அந்தச் சோதனைக்கு முன்பு தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களுள் பலருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டியிருக்கவும் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட இதே துறைமுகத்தில் இறங்கியவர்களின் வழிவந்தோர் பலர் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கின்றனர். அதனால் அவர்கள் அனைவருடைய படலமும் மெலிந்ததுதான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி; நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றிய செய்தி அன்று. ஒரே வீட்டில் அண்ணனுக்கு 500, தங்கைக்கு 570 என்று இருப்பதும் இயல்பே. அளந்தால்தான் தெரியும்.

தடிப்பின் முக்கியத்துவத்தை மருத்துவ உலகம் முழுமையாக உணர்ந்தது 2002இல்தான். அமெரிக்காவில், அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாமல் இருந்த 1,636 பேரை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். ஒரு பாதியினருக்கு மருந்து தரப்பட்டது; மறுபாதியினர் கண்காணிக்கப்பட்டனர். ஐந்தாண்டு முடிவில் மருந்து பெறாதோருள் 9.5 விழுக்காட்டினருக்கும் மருந்து பெற்றோருள் 4.4 விழுக்காட்டினருக்கும் நோய் தோன்றியது. மருந்து பயன் தருகிறது என்பது இதனால் உறுதியானது. எதிர்பாராத செய்தி வேறொன்று. படலம் 555 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களுக்கு, 588 மைக்ரானுக்கு மேல் இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

காரணம் என்ன? மெலிந்த படலத்தில் கருவி குறைத்துக் காட்டியதால் அவர்களின் உண்மையான அழுத்தம் மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கண்ணின் முன்சுவர் மெலிந்தவருக்கு நரம்பு வெளியேறும் பின்சுவரும் வலுக்குறைந்திருக்கலாம் என்பது மற்றொன்று. இன்றும் இதுபற்றி அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர்.

அப்படியானால், தடிப்பை அளந்து, ஓர் அட்டவணையைப் பார்த்து, அழுத்தத்தில் சில எண்களைக் கூட்டியோ கழித்தோ விடலாமே? முன்பு அத்தகைய அட்டவணைகள் புழங்கியது உண்டு. இன்று மருத்துவர்கள் அவற்றை அவ்வளவாக நம்புவதில்லை. தடிப்பு மட்டுமே விறைப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதே காரணம். பஞ்சு மெத்தை தடிப்பானது, ஆனால் மென்மையானது. தகரத் தகடு மெலிந்தது, ஆனால் விறைப்பானது. விழிவெண்படலத்தின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்னும் புரத இழைகளால் நெய்யப்பட்ட நூற்றுக்கணக்கான அடுக்குகள். பனையோலைப் பாய்போல அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல திசைகளில் படிந்துள்ளன. வயது ஏற ஏற இழைகளுக்கிடையே பிணைப்புகள் கூடிப் படலம் விறைக்கிறது. நோயினால் நீர் கோத்து வீங்கிய படலமோ தடித்திருந்தும் மென்மையாகிவிடுகிறது. தடிப்பு அட்டவணைப்படி அங்கே கருவி கூட்டிக் காட்ட வேண்டும்; உண்மையில் குறைத்தே காட்டுகிறது. இத்தகைய நோயாளிக்கு அட்டவணையைப் பயன்படுத்தினால் தவறு இரட்டிப்பாகும். 2005இல் ஜுன் லியு, சிந்தியா ராபர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் கணித மாதிரி ஒன்றின்வழி, திசுவின் விறைப்பில் ஏற்படும் வேறுபாடு தடிப்பின் வேறுபாட்டைவிட அளவைப் பெரிதும் மாற்றக்கூடும் என்று காட்டினர்.

விறைப்பை எப்படி அளப்பது? கண்ணைத் தொடாமல் காற்றை ஊதி அழுத்தம் அளக்கும் கருவியை பெர்னார்ட் குரோல்மன் 1972இல் அறிமுகப்படுத்தினார். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் ‘புஸ்’ என்று காற்றடித்துப் பலரைத் திடுக்கிட வைக்கும் கருவி அதன் வழிவந்ததே. 2005இல் டேவிட் லூஸ் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். காற்று மோதும்போது படலம் தட்டையாகி, உள்ளே சற்றுக் குழிந்து, திரும்பும் வழியில் மீண்டும் ஒருமுறை தட்டையாகும். எல்லாம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். படலம் வெறும் ரப்பராக இருந்தால், போகும்போதும் வரும்போதும் ஒரே காற்றழுத்தத்தில் தட்டையாக வேண்டும். ஆனால், அது நீரும் இழையும் கலந்த உயிர்த்திசு. வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைத் தன்னுள் விழுங்கிவிடுகிறது. லோரியின் அதிர்வுத் தாங்கி செய்வதும் இதே வேலைதான். இரண்டு தட்டைக் கணங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, அந்தத் தாங்குதிறனைக் காட்டும். இவ்வேறுபாடு குறைவாக உள்ளவர்களுக்கு நரம்பு விரைவாகக் கெடுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

எனவே, தேர்ந்த கண் மருத்துவர் எந்த ஓர் எண்ணையும் தனித்துப் பார்ப்பதில்லை. அழுத்தத்தை நாளின் வேறு வேறு நேரங்களில் அளப்பார். தடிப்பைக் கோப்பில் குறித்துவைப்பார். நரம்பின் முகப்பை உருப்பெருக்கியில் நோக்குவார். பார்வைப் புலச் சோதனையில் ஓரங்கள் மங்கியுள்ளனவா என்று ஆராய்வார். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உண்டா என்றும் கேட்பார்.

லேசர் சிகிச்சை மூலம் கண்ணாடியைத் தவிர்த்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். லாசிக் எனப்படும் அச்சிகிச்சையில் விழிவெண்படலத்தின் ஒரு பகுதி செதுக்கி எடுக்கப்படுகிறது. 540 மைக்ரானாக இருந்த படலம் 450க்கு இறங்கலாம். வெட்டப்பட்ட இழைகளால் விறைப்பும் குறையும். அதற்குப் பின் கருவி எப்போதும் குறைத்தே காட்டும். இருபத்தைந்து வயதில் அச்சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், ஐம்பது வயதில் கண் சோதனைக்குச் செல்லும்போது திருகு 15 என்று காட்டக்கூடும். வெளிப்பார்வைக்கு அவருடைய கண்ணில் எந்த வடுவும் தெரியாது. சிகிச்சைக்கு முன் எடுத்த அழுத்தமும் தடிப்பும் எழுதிய தாளை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்து, சோதிப்பவரிடம் காட்டினால், அந்த 15 உண்மையில் எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்க்கத் தொடங்குவார்.